சாட்சியின் முந்தைய வாக்குமூலம் (இந்தியக் குற்றவியல் சட்டம்)

சாட்சியின் முந்தைய வாக்குமூலம் என்பது, ஒரு குற்ற வழக்கின் சாட்சி நீதிமன்றக் கூண்டில் ஏறிச் சொல்வதற்கு முன்பே காவல் துறையிடமோ குற்றவியல் நடுவரிடமோ கூறி, எழுத்தில் பதிவான கூற்று ஆகும். இந்தியச் சட்டத்தின்படி இத்தகைய எழுத்து பொதுவாகத் தன்னளவில் சாட்சியம் ஆகாது. நீதிபதியின் முன் உறுதிமொழி எடுத்து, குறுக்கு விசாரணைக்கு உட்பட்டுச் சொல்லப்படுவதே அடிப்படைச் சாட்சியம். முந்தைய எழுத்து அதைச் சோதிக்கப் பயன்படும் கருவி மட்டுமே.

சட்டப் பிரிவுகள்

2024 சூலை 1 முதல் குற்றவியல் நடைமுறைச் சட்டம், 1973-க்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும், இந்திய சாட்சியச் சட்டம், 1872-க்குப் பதிலாகப் பாரதிய சாக்ஷ்ய அதினியமும் நடைமுறைக்கு வந்தன. எண்கள் மாறினாலும் இப்பொருளில் கோட்பாடு பெரும்பாலும் அப்படியே தொடர்கிறது. காவலர் சாட்சியை விசாரிக்கும் பழைய 161-ஆம் பிரிவு இப்போது 180. அவ்வாக்குமூலத்தின் பயன்பாட்டைக் கட்டுப்படுத்தும் 162 இப்போது 181. நடுவர் பதிவு செய்யும் வாக்குமூலத்துக்கான 164 இப்போது 183. சாட்சியச் சட்டத்தில் முந்தைய எழுத்தைக் காட்டி முரண்பாட்டை நிறுவும் 145-ஆம் பிரிவு இப்போது 148 ஆகவும், முந்தைய கூற்றைக் கொண்டு வலுச்சேர்க்கும் 157 இப்போது 160 ஆகவும் உள்ளன.

காவல் துறையிடம் தந்த வாக்குமூலம்

புலனாய்வின்போது காவலர் எழுதிக்கொள்ளும் வாக்குமூலத்தில் சாட்சி கையெழுத்திடக் கூடாது, உறுதிமொழியும் பெறப்படுவதில்லை. காவல் நிலையத்தில் எழுதப்பட்டதற்கே சாட்சி கட்டுப்பட்டுவிடக் கூடாது, காவலர் தம் விருப்பப்படி எழுதிய ஒன்று குற்றம் சாட்டப்பட்டவருக்கு எதிரான சான்றாக மாறிவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். எனவே சாட்சி நீதிமன்றத்தில் சொல்வதற்கு வலுச்சேர்க்க, "அன்றே காவலரிடமும் இதையேதான் சொன்னார்" என்று அரசுத் தரப்பு இந்த எழுத்தைக் காட்ட முடியாது.

அனுமதிக்கப்படும் பயன் முரண்பாட்டைக் காட்டுவது ஒன்றே. அதுவும் அரசுத் தரப்பு அழைத்த சாட்சிக்கு எதிராக மட்டுமே. குற்றம் சாட்டப்பட்டவர் இதை உரிமையாகப் பயன்படுத்தலாம். அரசுத் தரப்பு தன் சாட்சிக்கு எதிராகவே பயன்படுத்த வேண்டுமானால் நீதிமன்றத்தின் அனுமதி தேவை. குற்றம் சாட்டப்பட்டவர் இவ்வுரிமையைப் பயன்படுத்துவதற்காகவே, வாக்குமூலங்களின் நகல் அவருக்குக் கட்டணமின்றி வழங்கப்படுகிறது.

இறந்துபோனவர் தம் மரணத்தின் காரணம் பற்றிச் சொன்ன மரண வாக்குமூலத்துக்கு இந்தத் தடை இல்லை. முதல் தகவல் அறிக்கையும் இத்தடைக்குள் வராது. புகார் கொடுத்தவர் சாட்சியாக வந்தால் அதைக் கொண்டு அவர் கூற்றுக்கு வலுச்சேர்க்கலாம், முரண்பாட்டையும் காட்டலாம்.

முரண்பாட்டை நிறுவும் முறை

ஒரு கொலை வழக்கை எடுத்துக்கொள்வோம். ஓடியவர் தலைக்கவசம் அணிந்திருந்ததால் முகம் தெரியவில்லை என்று காவலரிடம் கூறிய சாட்சி, கூண்டில் நின்று முகத்தைத் தெளிவாகப் பார்த்ததாகச் சொல்கிறார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் பழைய தாளை அப்படியே நீதிபதியிடம் நீட்டிவிட முடியாது. பின்வரும் வரிசையைப் பின்பற்ற வேண்டும்.

1. வாக்குமூலத்தில் முரண்படும் குறிப்பிட்ட பகுதியைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவந்து, அப்படிச் சொன்னாரா என்று கேட்க வேண்டும்.
2. சாட்சி ஒப்புக்கொண்டால் முரண்பாடு அங்கேயே மெய்ப்பிக்கப்படுகிறது; வேறு சான்று தேவையில்லை.
3. மறுத்தால், அல்லது நினைவில்லை என்றால், அந்தப் பகுதி சாட்சியின் வாக்குமூலப் பதிவில் குறிக்கப்படும். இந்நிலையில் அது இன்னும் மெய்ப்பிக்கப்படவில்லை.
4. பின்னர் வாக்குமூலத்தைப் பதிவு செய்த புலனாய்வு அதிகாரி கூண்டுக்கு வரும்போது, சாட்சி அவ்வாறு கூறினாரா என்று கேட்க வேண்டும். அவர் உறுதிசெய்தால்தான் முரண்பாடு நிலைபெறும்.

இம்முறையை உச்ச நீதிமன்றம் வி. கே. மிஸ்ரா எதிர் உத்தராகண்ட் மாநிலம் (2015) வழக்கில் மீண்டும் வலியுறுத்தியது. நான்காம் படியை வழக்கறிஞர் தவறவிட்டால், முதல் மூன்று படிகளில் செய்த உழைப்பு பயனற்றுப்போகும்.

சொல்லாமல் விட்டது முரண்பாடா?

காவலரிடம் சொல்லாத ஒன்றைச் சாட்சி நீதிமன்றத்தில் புதிதாகச் சொல்வது அடிக்கடி நிகழ்வது. தாசில்தார் சிங் எதிர் உத்தரப் பிரதேச மாநிலம் (1959) வழக்கில் இக்கேள்வி எழுந்தது. சம்பவ இடத்தில் கேஸ் விளக்கு இருந்ததைக் காவலரிடம் சொன்னாரா என்பது சாட்சியிடம் கேட்கப்பட்ட கேள்விகளுள் ஒன்று. சொல்லாமல் விட்டவை எல்லாம் முரண்பாடு ஆகிவிடா. பதிவான கூற்றோடு சேர்ந்து நிற்கவே முடியாத விடுபாடே முரண்பாடாகும் என்பது பெரும்பான்மைத் தீர்ப்பை எழுதிய நீதிபதி சுப்பா ராவின் நிலைப்பாடு. 1973-ஆம் ஆண்டுச் சட்டம் இதற்கு ஒரு விளக்கத்தைச் சேர்த்தது: விடுபட்ட செய்தி, சூழலை நோக்க முக்கியமானதும் பொருத்தமானதும் ஆனால் முரண்பாடாகக் கருதப்படலாம், அப்படியா இல்லையா என்பது அந்தந்த வழக்கின் நிகழ்வுகளைப் பொறுத்தது. வெட்டியவரின் பெயரையே சொல்லாமல் விட்டதும், அவர் சட்டையின் நிறத்தைச் சொல்லாமல் விட்டதும் ஒன்றல்ல.

நடுவரிடம் தந்த வாக்குமூலம்

சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் உறுதிமொழியின் மேல் பதிவு செய்யலாம். எனவே இதற்குக் கூடுதல் மதிப்பு உண்டு: முரண்பாட்டைக் காட்டுவதோடு, வலுச்சேர்க்கவும் பயன்படும். ஆயினும் இதுவும் அடிப்படைச் சாட்சியம் அன்று. பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சிறை, ஆயுள் சிறை, மரண தண்டனை ஆகியவற்றுக்குரிய குற்றங்களில், காவலர் அழைத்துவரும் சாட்சியின் வாக்குமூலத்தை நடுவர் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று புதிய சட்டம் கூறுகிறது.

ஒரு முக்கிய விதிவிலக்கு 2013-இல் வந்தது. பாலியல் குற்றங்களில் பாதிக்கப்பட்டவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால், நடுவரிடம் அவர் தந்த வாக்குமூலமே முதல் விசாரணைக்கு ஈடாகக் கொள்ளப்படும். நீதிமன்றத்தில் அதன்மேல் குறுக்கு விசாரணை நடத்தினால் போதும்.

பிறழ் சாட்சியும் சட்டத்தின் எல்லையும்

சாட்சி பிறழ்ந்துவிட்டால், அரசு வழக்கறிஞர் அனுமதி பெற்றுக் குறுக்கு விசாரணை செய்து பழைய வாக்குமூலத்தைக் காட்டலாம். முரண்பாடு நிறுவப்பட்டால், கூண்டில் சொன்னது நம்பத்தக்கதல்ல என்பது தெரியும். ஆனால் பழைய எழுத்து அதன் இடத்தில் சாட்சியமாக அமர்ந்துவிடாது. அதை மட்டுமே நம்பி ஒருவரைத் தண்டிக்க இயலாது. அதே வேளையில், பிறழ் சாட்சி நீதிமன்றத்தில் சொன்ன அனைத்தும் அழிந்துவிடுவதில்லை. நம்பத்தக்க பகுதியை ஏற்கலாம் என்று சத் பால் எதிர் டெல்லி நிர்வாகம் (1976) தீர்ப்பு கூறுகிறது.

இங்கிலாந்தில் 2003-ஆம் ஆண்டுக் குற்றவியல் நீதிச் சட்டத்தின்படி, சாட்சியின் முரண்பட்ட முந்தைய கூற்றை அதன் உள்ளடக்கத்துக்கே சான்றாக ஏற்கலாம். இந்தியா இவ்வழியில் செல்லவில்லை. ஏற்றால் மிரட்டலுக்கு அஞ்சிப் பின்வாங்கும் சாட்சிகளால் வழக்குகள் சரிவது குறையலாம்; ஆனால் காவலர் எழுதிய தாளே ஒருவரைச் சிறைக்கு அனுப்பும் ஆபத்தும் கூடவே வரும்.

குசராத்தின் பெஸ்ட் பேக்கரி வழக்கில் முக்கியச் சாட்சிகள் பிறழ்ந்ததை அடுத்து, 2003-இல் 21 பேரும் விடுவிக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றம் 2004-இல் மகாராட்டிரத்தில் மறுவிசாரணைக்கு உத்தரவிட்டது. 2018-இல் சாட்சிப் பாதுகாப்புத் திட்டத்துக்கு அந்நீதிமன்றம் ஒப்புதல் அளித்தது. மாநிலங்கள் இத்தகைய திட்டத்தை வகுக்க வேண்டும் என்பது இப்போது பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 398-ஆம் பிரிவாக உள்ளது. முந்தைய எழுத்தின் மதிப்பை உயர்த்துவதை விட, சாட்சி அஞ்சாமல் கூண்டுக்கு வந்து பேசச் செய்வதையே இந்தியச் சட்டம் தீர்வாகக் கொண்டுள்ளது.