பெயர் மாறிக்கொண்டே இருக்கும் மருத்துவர்

ஜே. ஜி. பாலார்டின் 'தி அட்ராசிட்டி எக்ஸிபிஷன்' நாவலை எடுத்தவர்கள் பலரும் பத்துப் பக்கத்திலேயே கீழே வைத்துவிடுவார்கள். நாயகனின் பெயர்கூட நிலையாக இல்லையே என்பார்கள். உண்மைதான். முதல் அத்தியாயத்தில் டிராவிஸ், அடுத்ததில் டால்பட், பிறகு டிராவன், டாலிஸ். ஆனால் ஆள் ஒருவர்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள்: மனநல மருத்துவமனையில் வேலை பார்த்து, தானே மனம் உடைந்துபோன மருத்துவர். இதைப் பிடித்துக்கொண்டால் மற்றது மெல்லப் புரியும்.

அவருக்கு என்ன ஆயிற்று? 1963 நவம்பரில் அமெரிக்க அதிபர் கென்னடி டல்லாஸில் சுடப்பட்டார். அங்கே நின்றிருந்த ஆப்ரஹாம் ஜாப்ரூடர் எடுத்த படம் 26 விநாடிதான் ஓடும். அதன் காட்சிகள் பத்திரிகையில் அச்சாகி வீடுவீடாகப் போயின. கூடவே நடிகை மர்லின் மன்றோவின் சாவு, வியட்நாம் போர், கார் விளம்பரம். எல்லாம் ஒரே பளபளப்போடு வந்து விழும்போது எதற்கு அழுவதென்றே மனத்துக்குத் தெரியாமல் போகிறது. அந்தச் சாவுகளை மருத்துவர் மறுபடி நடத்திப் பார்க்க முயல்கிறார், இந்த முறையாவது அர்த்தம் கிடைக்குமா என்று.

நாவல் துண்டு துண்டாக இருப்பதும் இதனால்தான். பத்திக்குப் பத்தி தடித்த எழுத்தில் தலைப்பு, செய்தித்தாள் மாதிரி. தொடக்கத்தையே பாருங்கள்: நோயாளிகள் வரைந்த ஓவியங்களின் கண்காட்சி, பெரும்பாலும் உலக அழிவைப் பற்றியவை. வரைந்தவர்களுக்கு மட்டும் அழைப்பில்லை. வலிப்பட்டவர் வெளியே, வேடிக்கை பார்ப்பவர் உள்ளே. நாவலின் சாரம் இதிலேயே இருக்கிறது.

இதை எழுதிய பாலார்டுக்கும் சாவு புதிதல்ல. அவர் ஷாங்காயில் பிறந்து, சிறுவனாக இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியரின் லுங்ஹுவா முகாமில் அடைபட்டிருந்தவர். கேம்பிரிட்ஜில் மருத்துவம் படித்தபோது பிணங்களை அறுத்தவர். 1964இல் மனைவி மேரி திடீரென இறந்துவிட, மூன்று குழந்தைகளைத் தனியாக வளர்த்தபடி இந்தப் பக்கங்களை எழுதினார். 1970இல் பிரிட்டனில் நாவல் வந்தது. அமெரிக்காவில் டபுள்டே பதிப்பகம் தான் அச்சிட்ட பிரதிகளைத் தானே கூழாக்கியது.

வரிசையாகப் படிக்க வேண்டாம், புரட்டிக் கண்ணில் பட்ட பத்தியைப் படியுங்கள் என்று பின்னாளில் பாலார்டே சொன்னார். நான் கடைசி அத்தியாயத்தில் தொடங்கச் சொல்வேன். கென்னடி கொலை அங்கே கார் பந்தய வர்ணனையாக வருகிறது. கென்னடியைச் சுட்ட ஆஸ்வால்ட்தான் துப்பாக்கியால் சுட்டுப் பந்தயத்தைத் தொடங்கிவைப்பவர். படிக்கும்போது சிரிப்பு வரும். உடனே, இதற்கா சிரித்தோம் என்று திடுக்கிடுவீர்கள். அப்படித் திடுக்கிட முடிகிறதென்றால் மனம் இன்னும் மரத்துப்போகவில்லை. அதைச் சோதித்துக் காட்டத்தான் இந்த நாவல்.