முந்தானையை விட்ட பிள்ளைகள்

"முந்தானையை விடாதே! விட்டால் தொலைந்து போவாய்!"

1942ஆம் ஆண்டில், பர்மாவிலிருந்து இந்தியாவுக்கு வரும் காட்டு வழியில், தமிழ்த் தாய்மார்கள் இதை எத்தனை ஆயிரம் முறை சொல்லியிருப்பார்கள்! ஆனால் முந்தானையைப் பிடித்து நடந்த பிள்ளைகள் எல்லோரும் ஊர் வந்து சேரவில்லை.

செட்டிநாட்டில் பர்மா என்ற பெயரைக் கேட்காத வீடு கிடையாது. காரைக்குடியிலும் கானாடுகாத்தானிலும் நிற்கிற மாளிகைகளின் தேக்குத் தூண்கள் பர்மாவிலிருந்து கப்பலில் வந்தவை. வட்டித் தொழில் செய்ய நகரத்தார் அங்கே போனார்கள். அதற்குக் "கொண்டுவிக்கப் போவது" என்று பெயர். மேலாள், அடுத்தாள் என்று பெரியவர்கள் மட்டும் போகவில்லை. பெட்டியடிப் பையன்களும் போனார்கள். பன்னிரண்டு, பதின்மூன்று வயதுச் சிறுவர்கள்! ஆத்தாளைப் பிரிந்து, கடல் தாண்டி, ரங்கூனில் மொகல் தெருக் கிட்டங்கியில் கணக்குப் பழகினார்கள். மூன்று வருஷம் கழித்துத்தான் ஊர் திரும்புவார்கள்.

அவர்களோடு இன்னொரு கூட்டமும் போயிற்று. ராமநாதபுரம் சீமையின் வறண்ட கிராமங்களிலிருந்து கூலி வேலைக்குப் போன ஏழைகள். இவர்களில் பலர் மனைவி மக்களோடு அங்கேயே குடியிருந்தார்கள். 1931ஆம் வருஷத்து ஜனத்தொகைக் கணக்குப்படி பர்மாவில் இருந்த இந்தியர் 10 லட்சத்துக்கு மேல். ரங்கூன் நகரத்து மக்களில் பாதிக்கு மேல் இந்தியர்களே.

குண்டு விழுந்தது!

1941 டிசம்பர் 23ஆம் தேதி. ரங்கூன் மீது ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. வேடிக்கை பார்க்கத் தெருவில் நின்றவர்கள் அங்கேயே மாண்டார்கள். இரண்டு நாள் கழித்து, கிறிஸ்துமஸ் அன்று, மறுபடியும் குண்டு. ஊரே காலியாகத் தொடங்கியது.

எல்லோரும் துறைமுகத்துக்கு ஓடினார்கள். கப்பலில் இடம் ஏது? பணக்காரருக்குக் கிடைத்தது. ஏழைகள் திறந்த தளத்தில் உட்கார்ந்து போகும் "டெக்" சீட்டுக்குத்தான் காத்துக் கிடந்தார்கள். அங்கேயும் ஒரு தடை. உடம்பில் வலுவுள்ள இந்திய ஆண்களுக்கு டெக் சீட்டு கிடையாது என்று சர்க்கார் சொல்லிவிட்டது. அவர்கள் போய்விட்டால் துறைமுகத்தில் மூட்டை தூக்க ஆள் இல்லை! பெண்டு பிள்ளைகள் போகலாம், புருஷன் போகக் கூடாது. இப்படித்தான் முதல் பிரிவு நேர்ந்தது. குண்டு பிரித்தது பாதி, சர்க்கார் உத்தரவு பிரித்தது பாதி.

1942 மார்ச் 8ஆம் தேதி ரங்கூன் ஜப்பானியர் கையில் விழுந்தது. அதற்கு முன்பே ஜனங்கள் நடக்கத் தொடங்கிவிட்டார்கள்.

மூன்று வழிகள்

ஒரு வழி புரோம் என்ற ஊரிலிருந்து அரக்கான் மலையைத் தாண்டிக் கடற்கரைக்குப் போகும். அங்கிருந்து சிட்டகாங். புரோமில் கூட்டம் தேங்கியது, காலரா வந்தது. இரண்டாவது வழி கலேவா, தமு வழியாக இம்பால், பிறகு திமாப்பூர் ரெயிலடி. மூன்றாவது வழிதான் மகா கொடியது. வடக்கே ஹுக்காங் பள்ளத்தாக்கு வழியாக அசாமில் உள்ள லெடோவுக்கு வரும் வழி அது. மழை பிடித்துக்கொண்ட பிறகு அதில் போனவர்கள் முழங்கால் சேற்றில் நடந்தார்கள். அட்டை, மலேரியா, பசி.

ஏறக்குறைய 4 முதல் 5 லட்சம் பேர் இப்படித் தரை வழியாக வந்தார்கள். செத்தவர்கள் பல்லாயிரம். சரியான எண்ணிக்கை யாரிடமும் இல்லை. ரங்கூனில் "ஜோதி" பத்திரிகை நடத்திய அறிஞர் வெ. சாமிநாத சர்மாவும் நடந்து வந்தவர்களில் ஒருவர். அதைப் பிறகு புத்தகமாகவே எழுதினார்.

பிள்ளைகள் எப்படித் தொலைந்தார்கள்? புலி அடித்து அல்ல. தாய்க்குக் காய்ச்சல் வந்து வழியில் உட்கார்ந்துவிடுவாள். "நீ இவர்களோடு முன்னால் போ, நான் பின்னால் வருகிறேன்" என்று அடுத்த குடும்பத்தோடு பிள்ளையை அனுப்புவாள். ஆற்றைக் கடக்கும்போது முதல் ஓடத்தில் பிள்ளை, அடுத்த ஓடத்தில் தகப்பன். அக்கரையில் கூட்டம் தள்ளிக்கொண்டு போய்விடும். கடைசியில் முகாமுக்குள் ஒரு சிறுவன் தனியே வந்து நிற்பான்.

அசாம் தேயிலைத் தோட்டக்காரர்கள் வழியில் முகாம்கள் போட்டுக் கஞ்சியும் தேநீரும் கொடுத்தார்கள். சுமை தூக்கி வழியமைத்தவர்கள் தோட்டத்துக் கூலிகள். பல உயிர்கள் பிழைத்தது அவர்களால்தான். ஆனால் மே 10ஆம் தேதி இம்பால் மீதே குண்டு விழுந்தது. முகாம் ஆட்களே சிதறி ஓடினார்கள். எந்தப் பிள்ளை எந்த ரெயிலில் ஏறியது என்று யார் எழுதி வைப்பது?

விலாசம் இருந்தவன், இல்லாதவன்

தனியே வந்த சிறுவனிடம் முதலில் கேட்கிற கேள்வி: "உன் ஊர் எது? அப்பா பெயர் என்ன?"

நகரத்தார் வீட்டுப் பையன் இதற்குத் தடுமாற மாட்டான். அவனுக்கு ஊர் தெரியும். இளையாற்றங்குடி, மாத்தூர், பிள்ளையார்பட்டி என்று ஒன்பது கோவில்களில் தன் கோவில் எது என்று தெரியும். எல்லாவற்றுக்கும் மேலாக "விலாசம்" தெரியும். விலாசம் என்றால் தபால் முகவரி அல்ல. பாட்டன், தகப்பன் பெயர்களின் முதல் எழுத்துகளைக் கோத்த குடும்ப அடையாளம். கடைப் பலகையில் அதுதான் இருக்கும், கல்யாணச் சீர்ப் பாத்திரத்தில் வெட்டியிருப்பதும் அதுதான். கல்கத்தாவில் எந்த நகரத்தாரிடம் அந்த நாலு எழுத்தைச் சொன்னாலும் போதும். பையனை எந்த வீட்டு வாசலில் கொண்டுபோய் விட வேண்டும் என்று தெரிந்துவிடும்.

கூலிக்காரர் வீட்டுப் பிள்ளைக்கு என்ன இருந்தது? பர்மாவிலேயே பிறந்த ஆறு வயதுக் குழந்தை. ஊர் கேட்டால் ரங்கூன் என்று சொல்லும். அப்பா பெயர் கேட்டால் "அப்பா" என்று சொல்லும். அதை வைத்துக்கொண்டு ராமநாதபுரம் ஜில்லாவில் யாரைத் தேடுவது?

பெரியவர்களாலும் தேட முடியவில்லை. 1942 முதல் 1945 வரை பர்மா ஜப்பானியர் பிடியில் இருந்தது. கடிதப் போக்குவரத்து அறுந்து போயிற்று. மூன்று வருஷம், தாலி கட்டியிருப்பதா கழற்றுவதா என்று தெரியாமல் இருந்த பெண்கள் உண்டு.

இன்று தமிழ்நாட்டில் பல ஊர்களில் பர்மா காலனி இருக்கிறது. காரைக்குடியிலும் ஒன்று உண்டு. அந்தப் பெயர் 1964க்குப் பிறகு கப்பலில் திரும்பி வந்தவர்களை நினைவூட்டுவது. 1942இல் நடந்தவர்களுக்கு ஒரு பெயர்ப் பலகையும் இல்லை.

சட்டைக்குள் தைத்த காகிதம்

இது பழைய கதைதானே என்று நினைக்க வேண்டாம். இன்று ஆப்பிரிக்காவில் இதுவே நடக்கிறது. மாலி, காம்பியா, எரித்ரியா முதலிய நாடுகளிலிருந்து சிறுவர்கள் புறப்படுகிறார்கள். காரணம் வறுமை, சில நாடுகளில் யுத்தமும் கட்டாய ராணுவ சேவையும். சகாரா பாலைவனத்தைக் கடந்து லிபியா, அங்கிருந்து ஓட்டைப் படகில் இத்தாலி. அண்ணன் ஒரு லாரியில், தம்பி ஒரு லாரியில் என்று தரகர்கள் பிரித்து ஏற்றுவார்கள். 2016ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 25,800 சிறுவர் சிறுமியர், பெற்றோர் துணையின்றிக் கடல் வழியாக இத்தாலியில் இறங்கினார்கள்.

தேட இப்போது ஓர் ஏற்பாடு இருக்கிறது. 2013 முதல் செஞ்சிலுவைச் சங்கம், தேடுகிறவரின் படத்தைப் பெயரில்லாமல் வெளியிடுகிறது. "என் தாயைத் தேடுகிறேன்", "என் மகனைத் தேடுகிறேன்" என்பது மட்டும் அதில் இருக்கும். ஐரோப்பிய நகரங்களில் சுவரொட்டியாகவும் ஒட்டுகிறார்கள். பெயரைப் போட்டால் தரகனோ, எதிரியோ பயன்படுத்திக்கொள்வான் அல்லவா? முகம் தெரிந்தவர் பார்த்தால் போதும்.

2015 ஏப்ரல் 18ஆம் தேதி லிபியாவுக்கு வடக்கே கடலில் ஒரு படகு மூழ்கியது. பல நூறு பேர் இறந்தார்கள். மறு வருஷம் இத்தாலியர்கள் அந்தப் படகை வெளியே எடுத்து, ஒவ்வோர் உடலையும் சோதித்தார்கள். ஏறத்தாழ 14 வயது மாலி நாட்டுச் சிறுவன் ஒருவனின் சட்டைக்குள் ஏதோ தைத்திருந்தது. டாக்டர்கள் தையலைப் பிரித்தார்கள்.

பணம் இல்லை. மடித்து வைத்த பள்ளிக்கூட மதிப்பெண் பட்டியல்.