பளபளக்கும் பித்தளை திடீரென விரிசல் விடுவது ஏன்? தோட்டா உறை முதல் ஓசூர் பட்டறை வரை

ஒரு பித்தளை நட். கடைந்து, கழுவி, பளபளவென்று பாலித்தீன் பையில் போட்டு அடுக்கியாகிவிட்டது. இன்ஸ்பெக்‌ஷனில் அளவு சரி, மேற்பரப்பும் சரி. மூன்று மாதம் கழித்துப் பையைப் பிரித்தால் ஓரத்தில் மயிரிழை போல ஒரு விரிசல். யாரும் அதை முறுக்கவில்லை, கீழே போடவும் இல்லை. சும்மா இருந்த பித்தளை எப்படி உடைந்தது?

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் வாகன உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் எதில் கேட்டாலும், பித்தளையில் வேலை செய்தவர்களுக்கு இந்தக் குழப்பம் புதிதாக இருக்காது. பழி பெரும்பாலும் ராடு சப்ளை செய்தவர் மேல் விழும். சில சமயம் அது நியாயம்தான். ஆனால் பல சமயம் வில்லன் வேறு இடத்தில் இருக்கிறது: பாகத்தைக் கழுவிய தொட்டியிலோ, அடுக்கி வைத்த அறையின் காற்றிலோ.

இந்தப் புதிருக்கு முதலில் விடை தேட வேண்டிய கட்டாயம் வந்தது ராணுவத்துக்கு. அதுவும் இந்திய மழைக்காலத்தால்.

குதிரை லாயமும் தோட்டாவும்

பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் மழை தொடங்கினால் படை நடமாட்டம் குறையும். தோட்டாப் பெட்டிகளைக் குதிரை லாயங்களில் வைத்துவிடுவார்கள். மழை முடிந்து எடுத்துப் பார்த்தால், சுடப்படாத புதுத் தோட்டாக்களின் பித்தளை உறையில் விரிசல். ஒரு குறிப்பிட்ட பருவத்தில் மட்டும் வருவதால் அதற்கு ‘சீசன் கிராக்கிங்’ என்றே பெயர் வைத்துவிட்டார்கள். இன்றைக்கும் உலோகவியல் பாடப்புத்தகங்களில் அந்தப் பெயர்தான்.

காரணத்தை முறையாக நிறுவியவர்கள் மூர், பெக்கின்சேல், மாலின்சன் என்ற மூன்று ஆய்வாளர்கள். 1921-ல் வெளிவந்தது அவர்களுடைய கட்டுரை. குற்றவாளி மழை இல்லை, அம்மோனியா. குதிரை மூத்திரத்திலிருந்து கிளம்பும் அதே காரநெடி. மழைக்கால ஈரம் அதற்குத் துணை போனது.

இங்கே ஓசூர்க்காரர்களுக்கு ஒரு உபரித் தகவல். மத்திகிரியில் இப்போது இருக்கும் அரசுக் கால்நடைப் பண்ணை, 1824-ல் ராணுவத்துக்குக் குதிரை தயார்செய்யும் இடமாகத்தான் தொடங்கப்பட்டது. லாயமும் பித்தளையும் ஒரே ஊரில் என்பது தற்செயல்தான். ஆனால் இந்த விஷயத்தைப் புரிந்துகொள்ள இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது.

அம்மோனியா என்ன செய்கிறது?

தோட்டா உறைக்குப் பயன்படும் பித்தளையில் 70 சதவீதம் செம்பு, 30 சதவீதம் துத்தநாகம். முதலில் வட்டமாக ஒரு தகடு. அதை அமுக்கிக் கிண்ணமாக்கி, பிறகு இழுத்து இழுத்து நீளமான குழாயாக்குகிறார்கள். இந்த இழுவை உலோகத்துக்குள் ஒரு இறுக்கமாகத் தங்கிவிடும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. உள்ளே மட்டும், இழுத்துப் பிடித்த ரப்பர் பேண்ட் மாதிரி எப்போதும் விறைப்பாகவே இருக்கும்.

ஈரப்பதத்தோடு சேர்ந்த அம்மோனியா செம்பைக் கரைக்கும். கரையும் அளவு மிகக் குறைவு. ஆனால் உலோகத் துகள்கள் ஒன்றோடொன்று சேரும் எல்லைக்கோடுகளில் அது நுழைந்துவிட்டால், உள்ளே இருக்கும் இறுக்கம் அந்த இடத்தைப் பிளந்துவிடும். பிளந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் அம்மோனியா, இன்னும் கொஞ்சம் விரிசல். இறுக்கம், அம்மோனியா, ஈரம் மூன்றும் சேர்ந்தால்தான் இது நடக்கும். ஒன்று குறைந்தாலும் பித்தளை பிழைத்துக்கொள்ளும்.

அதனால் பழைய காலத்துக் கதை என்று விட்டுவிட முடியாது. மாட்டுத் தொழுவம், கோழிப்பண்ணை, யூரியா மூட்டை அடுக்கிய அறை, சில கண்ணாடி கிளீனர்கள், சில மெட்டல் பாலிஷ்கள் என்று அம்மோனியா எங்கும் இருக்கிறது. ஓசூர் சுற்றுவட்டாரத்து ரோஜாப் பசுமைக் குடில்களில் உரம் வைக்கும் அறையிலேயே ஸ்பிரேயரின் பித்தளை முனையையும் மாட்டி வைத்தால், அது சீக்கிரம் போவதற்கு ஒரு காரணம் இதுவாக இருக்கலாம். அம்மோனியாவால் இயங்கும் குளிர்பதனக் கிடங்குகளில் செம்பு, பித்தளைக் குழாய் போடாமல் இரும்புக் குழாய் போடுவதும் இதே பயத்தால்தான்.

சரி, கறுத்த பித்தளையை எப்படித்தான் சுத்தம் செய்வது?

முதலில் ஒன்றைப் பிரித்துக்கொள்ள வேண்டும். கறுப்பு வேறு, அழுக்கு வேறு. எண்ணெய், கூலன்ட், விரல் ரேகை இதெல்லாம் அழுக்கு. சோப்புத் தண்ணீரே போதும், பட்டறையில் அல்ட்ராசோனிக் தொட்டி இருந்தால் இன்னும் நல்லது. கறுப்பு என்பது செம்பு காற்றில் உள்ள ஆக்சிஜனோடும் கந்தகத்தோடும் சேர்ந்து உண்டான படலம். அதை எடுக்க மென்மையான அமிலம் வேண்டும். எண்ணெயை எடுக்காமல் அமிலத்தில் போட்டால் திட்டுத்திட்டாகத்தான் வெளுக்கும். பாதிப் பேர் சறுக்குவது இங்கேதான்.

குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்க்கும் நம் வீட்டு வழக்கம் வேதியியல்படி மிகச் சரி. புளியில் இருப்பது டார்டாரிக் அமிலம். அது படலத்தைக் கரைக்கும், உலோகத்தை அவ்வளவாகத் தொடாது. புளி வியாபாரத்துக்குப் பேர்போன கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இதைச் சொல்லித் தர வேண்டியதே இல்லை. தொழில்முறையில் அதே வேலையை சிட்ரிக் அமிலம் செய்கிறது. வெதுவெதுப்பான நீரில் லேசான கரைசல், சில நிமிடம், உடனே நல்ல தண்ணீரில் அலசல், ஈரம் இல்லாமல் உலர்த்தல்.

‘இன்னும் கொஞ்சம் நேரம் ஊறட்டும்’ என்று விட்டுவிட்டுப் போனால்தான் சிக்கல். பித்தளை மஞ்சள் மாறி, இளஞ்சிவப்பாகத் திட்டு விழும். துத்தநாகம் முதலில் கரைந்துபோய், மேற்பரப்பில் செம்பு மட்டும் மிஞ்சுகிறது என்று அர்த்தம். விளக்கில் இது அழகுக் குறைவு, அவ்வளவுதான். அழுத்தம் தாங்க வேண்டிய பாகத்தில் பலவீனம்.

மெருகு வேண்டும் என்றால் தேய்ப்புதான். வெளிநாடுகளில் சுட்ட தோட்டா உறையை மறுபடி நிரப்பிப் பயன்படுத்தும் துப்பாக்கி சுடும் வீரர்கள், அரைத்த மக்காச்சோளச் சக்கையோ வால்நட் ஓடோ நிரப்பிய அதிர்வுத் தொட்டியில் உறைகளைப் போட்டு மணிக்கணக்கில் ஓட்டுகிறார்கள். வேறு சிலர் தண்ணீரோடு மெல்லிய ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் ஊசிகளைச் சேர்த்து உருட்டுகிறார்கள். ஓசூரில் இதற்குப் பெயர் வைப்ரோ. சின்னப் பித்தளைப் பாகங்களின் பிசிறு எடுக்கப் பல பட்டறைகளில் தினமும் ஓடுவதுதான். அவர்களிடையே ஒரு கண்டிப்பான எச்சரிக்கை உண்டு: அம்மோனியா கலந்த பாலிஷ் மட்டும் வேண்டாம். பளபளப்பு வரும், கூடவே லாயத்துக் கதையும் வரும். உடைவது கையருகே, முகத்தருகே என்பதால் அங்கே யாரும் ரிஸ்க் எடுப்பதில்லை.

உலர் முறையில் இன்னொரு ஆபத்து, தூசி. பெரும்பாலான தோட்டாக்களின் அடியில் தீப்பொறி தரும் கலவையில் ஈயச் சேர்மம் இருக்கிறது. சுட்ட பிறகு அதன் மிச்சம் உறைக்குள் ஒட்டிக்கொள்ளும். மூடி இல்லாமல் ஓட்டினால் அந்த ஈயம் மூச்சில் போகும். கடைசல் பித்தளையிலும் எளிதாக வெட்டுவதற்காக 3 சதவீதம் அளவுக்கு ஈயம் சேர்ப்பார்கள். ஆகவே பஃபிங் தூசியும் சாதாரணத் தூசி இல்லை. அந்தக் கையோடு டீ கிளாஸைத் தூக்கக் கூடாது.

மஞ்சள் புகை

வேகமாகப் பளபளப்பு வேண்டும் என்று சில இடங்களில் நைட்ரிக், கந்தக அமிலக் கலவையில் பித்தளையை முக்கி எடுப்பார்கள். சில விநாடியில் தங்கம் மாதிரி ஆகிவிடும். கூடவே எழும் மஞ்சள்-பழுப்புப் புகை நைட்ரஜன் டை ஆக்சைடு. இதில் ஏமாற்று வேலை என்னவென்றால், சுவாசித்த நேரத்தில் லேசான இருமலோடு போய்விடும். ஆள் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுப் படுப்பார். பல மணி நேரம் கழித்து நுரையீரலில் நீர் கோத்துக்கொண்டு மூச்சு முட்டும். அந்தப் புகையை நன்றாக உள்ளிழுத்த ஒருவரை ‘இப்ப பரவாயில்லைண்ணே’ என்று அவர் சொன்னாலும் மருத்துவமனைக்குத்தான் அனுப்ப வேண்டும், கண்காணிப்பில் வைக்கச் சொல்லி.

நைட்ரிக்குக்குப் பதிலாக ஹைட்ரஜன் பெராக்சைடும் கந்தக அமிலமும் சேர்ந்த கரைசல் இருக்கிறது. அந்த மஞ்சள் புகை வராது. விலை சற்றுக் கூடும், கரைசலைக் கவனமாகப் பராமரிக்க வேண்டும். இதற்கு மேல் அதைத் தள்ளிப்போடச் சொல்லும் காரணம் எதுவும் வலுவானதில்லை.

அலசிய தண்ணீர் எங்கே போகிறது என்பது அடுத்த கேள்வி. நீர்நிலையில் விடப்படும் கழிவுநீரில் லிட்டருக்குச் செம்பு 3 மில்லிகிராம், துத்தநாகம் 5 மில்லிகிராம், ஈயம் 0.1 மில்லிகிராம் வரைதான் இருக்கலாம் என்கின்றன சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகள். பெங்களூரு பக்கத்திலிருந்து வரும் கழிவால் கெலவரப்பள்ளி அணையில் நுரை பொங்குவதை நாம் செய்தியில் பார்க்கிறோம். அதே தென்பெண்ணையில் நம் பங்கும் சேர்ந்தால் பக்கத்து மாநிலத்தை எந்த வாயால் கேட்பது?

இங்கே தோட்டாவை மறுபடி நிரப்பலாமா?

வீடியோ பார்த்துவிட்டு ஆசைப்படுகிறவர்களுக்கு நேரான பதில்: உரிமம் இல்லாமல் கூடாது. 1959-ம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் தோட்டா என்ற விளக்கத்துக்குள் அதன் பாகங்களும், அதைத் தயாரிக்கும் இயந்திரமும் அடங்கும். உரிமமின்றித் தயாரித்தால், 2019 திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 ஆண்டு, அதிகபட்சம் ஆயுள் தண்டனை. முழுத் தோட்டாவாக்கும் நோக்கம் இல்லாத சிறு பாகங்களுக்குச் சட்டத்தில் விலக்கு உண்டு. ஆனால் நோக்கம் இல்லை என்பதை விளக்கிக்கொண்டு ஸ்டேஷனில் உட்கார வேண்டிவரலாம். காவல்துறையும் ராணுவமும் சுட்ட உறைகளைப் பொறுக்கிக் கணக்கு ஒப்படைப்பது சும்மா இல்லை.

பழைய இரும்பு, பித்தளை வாங்குபவர்களுக்கு இது உயிர்ப் பிரச்சினை. 2004 செப்டம்பரில் காசியாபாத் அருகே ஒரு எஃகு ஆலையில், இறக்குமதியான கழிவு உலோகத்தில் கலந்து வந்த குண்டுகள் வெடித்து 10 பேர் இறந்தனர். அதன் பிறகுதான் இறக்குமதிக் கழிவுகளுக்கான சோதனை இறுகியது. பித்தளைக் குவியலில் முனையில் குண்டு உள்ள தோட்டா ஒன்று தென்பட்டால், அதைத் தட்டிப் பார்ப்பதோ உலையில் போடுவதோ வேண்டாம். அப்படியே விட்டுவிட்டு 100-க்கு அழைப்பதுதான் சரி.

பட்டறைக்குத் தீர்வு என்ன?

மூன்று எதிரிகளில் இறுக்கத்தை நீக்குவதுதான் நிரந்தர வழி. பாகங்களைச் சுமார் 250 முதல் 300 டிகிரி செல்சியஸில் ஒரு மணி நேரம் போலச் சூடாக்கினால், கடினத்தன்மை பெரிதாகக் குறையாமல் உள் இறுக்கம் தளர்ந்துவிடும். சரியாகத் தளர்ந்ததா என்று பார்க்க, ஒவ்வொரு லாட்டிலும் சில பாகங்களை மூடிய பாத்திரத்தில் அம்மோனியா ஆவியில் வைத்துச் சோதிப்பார்கள். உடைய வேண்டியது அங்கேயே உடையும். கஸ்டமரின் அசெம்பிளி லைனில் உடைவதைவிட அது எவ்வளவோ மேல். பிறகு பென்சோட்ரையசோல் கரைசலில் ஒரு முக்கு முக்கி எடுத்தால் கறுப்பதும் தள்ளிப்போகும். கழுவும் திரவம் வாங்கும்போது அதில் அம்மோனியா இருக்கிறதா என்று டேட்டா ஷீட்டில் ஒரு வரி பார்த்துக்கொள்வது இலவசம்.

ராணுவத் தோட்டாக்களின் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், கழுத்துப் பகுதியில் நீலமும் பழுப்புமாக ஒரு நிழல் தெரியும். பார்ப்பவர்கள் கறை என்று நினைப்பார்கள். கழுத்தை மட்டும் சூடாக்கி இறுக்கம் தளர்த்தியதன் தடம் அது. கடைக்கு விற்கும் கம்பெனிகள் அழகுக்காக அதைத் தேய்த்து எடுத்துவிடும். ராணுவத்துக்குப் போகும் தோட்டாவில், சூடாக்கியதற்குச் சாட்சியாக அப்படியே விட்டுவைப்பார்கள்.