மூன்றாவது ஜன்னல்

தங்கச்சி மகனுக்கு எட்டு வயது. பாடசாலைக்குச் சின்னதாகிப்போன தன் வெள்ளைக் கன்வஸ் சப்பாத்துக்குப் பதிலாகப் புதிதாக வாங்கிய இன்னொரு சோடியைக் கொண்டுவந்து என் மடியில் வைத்தான். "வலது காலுல பஸ்ஸோட முன்பக்கம் வேணும் மாமா. இடது காலுல பின்பக்கம்." திகனயிலிருந்து கண்டிக்குப் போகும் சிவப்பு பஸ். நடக்கும்போது ஓர் அடிக்கு முன்பக்கம் முந்தும், அடுத்த அடிக்குப் பின்பக்கம் முந்தும். இவ்வளவையும் அவனே யோசித்து வைத்திருந்தான்.

புத்தகக் கடையில் கிடைத்த சாதாரண அக்ரிலிக் பெயின்டை வாங்கி, இரண்டு மாலைகளில் வரைந்து முடித்தேன். காய்ந்தபோது பளிச்சென்றுதான் இருந்தது. போட்டுக்கொண்டு வாசலில் பத்தடி நடந்தான். கால்விரல் மடங்கும் இடத்தில் பஸ்ஸின் முன் கண்ணாடி குறுக்கே வெடித்துப் பொருக்காகக் கழன்றது. குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டான்: "டிரைவருக்கு ஒண்ணும் ஆகலியே மாமா?"

அந்தக் கேள்வி என்னை விடவில்லை. சப்பாத்தில் வரையும் வேலையை முறையாகத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று உட்கார்ந்தது அதன் பிறகுதான்.

சுவரில் பூசிய பெயின்ட் அசையாமல் கிடக்கும். சப்பாத்தில் பூசியது ஒவ்வோர் அடிக்கும் மடங்கி நிமிர வேண்டும், புழுதியைத் தாங்க வேண்டும், மழையில் நனைந்து வெயிலில் காய வேண்டும். கன்வஸ் துணி என்றால் பெயின்டோடு துணிக்கான கலவைத் திரவத்தைச் சேர்த்து நூலுக்குள் இறங்கும்படி பூசுவார்கள். தோல் சப்பாத்தில் வேலை பெயின்டுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. தொழிற்சாலையில் தோலின் மேல் ஏற்றி அனுப்பும் மினுக்கப் பூச்சை அசிற்றோனில் நனைத்த பஞ்சால் தேய்த்து எடுக்க வேண்டும். கியூடெக்ஸ் அழிக்கும் திரவத்தின் அதே மணம். ஜன்னலைத் திறந்து வைக்காவிட்டால் தலை வலிக்கும். பஞ்சை மாற்றி மாற்றித் தேய்க்கத் தேய்க்க அதில் சாயம் ஏறிக்கொண்டே இருக்கும். தோல் மங்கி, விரலுக்குச் சற்றுச் சொரசொரப்பாகத் தட்டுப்படும்போது நிறுத்தலாம். ஆனால் நம் கடைகளில் தோல் என்று விற்பதில் பல ரெக்சின்தான். அதை அசிற்றோனால் அழுத்தித் தேய்த்தால் மேற்பரப்பே கரைந்து பிசுபிசுத்துவிடும். சப்பாத்தின் நாக்குக்கு அடியில், வெளியே தெரியாத இடத்தில் ஒரு துளி தொட்டுப் பார்த்துவிட்டுத்தான் அனுபவசாலிகள் கை வைப்பார்கள். இன்னொருவருடைய பொருள் அல்லவா.

அதற்குப் பிறகு சோல் ஓரமெல்லாம் டேப் ஒட்டி மறைக்கிற வேலை. பிறகு தோலுக்கென்றே தயாரித்த அக்ரிலிக். 1907இல் லொஸ் ஏஞ்சலிஸில் சப்பாத்து பொலிஷ் செய்யத் தொடங்கிய அஞ்சலஸ் கம்பனியின் பெயின்டைத்தான் பல நாடுகளில் இந்த வேலைக்காரர்கள் தேடுகிறார்கள். முதல் பூச்சைப் பார்த்தால் மனம் சோர்ந்துபோகும். அடித்தோல் தெரியும், திட்டுத் திட்டாக இருக்கும். அங்கே பொறுமை இழந்து கொழுக்கட்டை மாவுபோல் அப்பினால் என் பஸ் கண்ணாடிக்கு நடந்ததுதான் நடக்கும். மெல்லிதாக ஒன்று, காயவிட்டு இன்னொன்று, இப்படி நான்கைந்து. மலைநாட்டு மழைக்காலத்தில் ஒரு பூச்சுக் காய்வதற்குள் பொழுது போய்விடும். ஹெயார் டிரையரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பதைத் தவிர வழியில்லை.

இந்த வேலையை நேற்று வந்த பாஷன் என்று ஒதுக்குகிறவர்களைக் கண்டால் எனக்கு வருத்தமாக இருக்கும். கண்டியிலிருந்து தென்னக்கும்புறப் பாலம் தாண்டி மகியங்கனை வீதியில் திகன நோக்கி வருகிறவர் கடந்து வருவது, ஆளுக்கேற்ப பொருள் செய்து பழகிய ஒரு பள்ளத்தாக்கை. வழியிலேயே குண்டசாலை, 1707 முதல் 1739 வரை ஆண்ட நரேந்திரசிங்க மன்னன் மாளிகை கட்டி வாழ்ந்த இடம். நத்தரம்பொத்தவில் கலாபுர, பித்தளையும் வெள்ளியும் மரமும் வேலை செய்கிறவர்களின் கிராமம். கண்டி அரசர்களுக்குப் 'பட்டல் ஹதர' என்று நான்கு பட்டறைகள் இருந்தன. அங்கே எதுவும் கடைக்கென்று குவிக்கப்படவில்லை. வாள் இன்னாருக்கு, வெற்றிலைப் பெட்டி இன்னாருக்கு என்று தெரிந்துதான் கை வேலையைத் தொடங்கியது.

சப்பாத்து மட்டும் ஒரே ஒருவருக்கு. 1660இல் பிடிபட்டு 1679 வரை கண்டி இராச்சியத்தில் கைதியாக வாழ்ந்த ஆங்கிலேயர் ரொபர்ட் நொக்ஸ், 1681இல் வெளியிட்ட தன் நூலில் இதைக் குறித்திருக்கிறார். ஆணோ பெண்ணோ, எவ்வளவு உயர்ந்தவராக இருந்தாலும் சப்பாத்தும் காலுறையும் போடுவதில்லை. அது அரச உடை, அரசனுக்கு மட்டுமே உரியது. இதை எழுதிய நொக்ஸ், இங்கே பிழைப்புக்காகத் தொப்பி பின்னி விற்றவர். யார் எதை அணியலாம் என்பதைக் கைவேலை செய்தவரின் கண்ணோடு அவர் பார்த்திருக்கிறார். அரசன் ஒருவனின் காலுக்கு மட்டும் இருந்த உரிமை, இன்று எட்டு வயதுப் பையன் தன் காலில் எந்த பஸ் ஓட வேண்டும் என்று சொல்லுமளவுக்கு வந்திருப்பதை நான் சின்ன விஷயமாக நினைக்கவில்லை.

இதே பகுதியில் ஹேனாவலவில் தும்பறைப் பாய் நெய்கிறார்கள். 'தும்பற ரட்டா கலால' என்ற பெயரில் 2021இல் யுனெஸ்கோவின் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்ந்த கலை அது. 'ஹன' என்கிற செடியின் இலையைப் பலகையில் வைத்துச் சுரண்டி, சதையை நீக்கி, வெண்ணிற நாரை எடுக்கிறார்கள். பதங்கிக் கட்டையிலிருந்து சிவப்பு, வெனிவெல் கொடியிலிருந்து மஞ்சள், கடுக்காய் சேர்ந்த சாயத்திலிருந்து கறுப்பு. நாரைக் காலின் மேல் வைத்து உருட்டித் திரித்து, தரையோடு தாழ்ந்த தறியில் நெய்கிறார்கள். யானையும் மானும் பறவையும் நூலை எண்ணி எண்ணித்தான் உருவாகின்றன. ஒரு நூல் தவறினால் மானின் கொம்பு கோணும்.

நெய்கிறவர்கள் கின்னர சமூகத்தினர். அரண்மனைக்கு அலங்காரப் பாய் கொடுத்தவர்கள். அதே நேரம் சாதி அடுக்கில் கீழே தள்ளி வைக்கப்பட்டவர்கள். எங்கள் பக்கக் கதையும் வேறல்ல. தோலைத் தொட்டு வேலை செய்தவரைத் தமிழ்ச் சமூகம் தெருவின் ஓரத்துக்கு அனுப்பியது. இன்னொருவரின் செருப்பைக் கையில் எடுப்பதை இழிவு என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது. இன்று ஒரு பெண் பிள்ளை வீட்டு முன்னறையில் அமர்ந்து, அறிமுகமில்லாத ஒருவரின் சப்பாத்தை மடியில் வைத்துப் பூ வரைகிறாள் என்றால், அந்த மடியில் உடைந்துகொண்டிருப்பது பழைய ஒரு கொடுமை. அவளை அண்ணன்மார் கேலி செய்யாமல் இருந்தால் போதும்.

கொழும்பில் பிறந்த ஆனந்த குமாரசுவாமி, கண்டிக் கைவினைஞர்களைத் தேடித் தேடிப் பார்த்து 1908இல் தன் பெரிய நூலை முடித்தார். 425 பிரதிகள், கை அச்சு இயந்திரத்தில். கைவினைகளைப் பற்றிய நூலையும் கையாலேயே அச்சிட வேண்டும் என்ற பிடிவாதம் எனக்கு மிகவும் பிடிக்கும். அந்தக் கைவினைகளில் அவர் கண்ட சிதைவுக்குக் காரணம் திறமை வற்றியது அல்ல. செய்யச் சொல்லிக் கேட்ட அரசனும் பிரபுக்களும் இல்லாமல் போனார்கள். மலிவான இறக்குமதிச் சாமான் வந்தது. ஓடர் நின்றால் கை மறக்கும்.

ஓடர் கொடுப்பதன் சுகம் நமக்குப் புதிதுமல்ல. துணியை வாங்கிக்கொண்டு தையற்காரரிடம் போய், கழுத்து இப்படி, கை இப்படி என்று சொன்னவர்கள்தானே நாம். 1966இல் கலிபோர்னியாவின் அனஹைமில் வான்ஸ் சப்பாத்துக் கம்பனி கடை திறந்தபோதும் இதேதான் நடந்தது. முதல் நாள் வந்தவர்கள் காலையில் ஓடர் கொடுத்து மாலையில் வாங்கிப் போனார்கள். பிறகு சொந்தத் துணியைக் கொண்டுவந்து அதில் சப்பாத்துத் தைக்கச் சொன்னவர்களுக்கும் தைத்துக் கொடுத்தார்கள்.

விலை பேசும் இடத்தில்தான் மனம் நோகிறது. "சப்பாத்தே இவ்வளவுதான், வரையிறதுக்கு அதைவிடக் கேட்கிறீங்களே" என்பார்கள். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாயளவில் இருந்த டொலர் மே மாதத்தில் 360ஐத் தொட்டது. வெளிநாட்டுப் பெயின்ட் போத்தல் ஒவ்வொன்றும் அந்த அடியை வாங்கியது. அதைக்கூட விடுங்கள். தேய்க்க ஒரு பொழுது, பென்சிலில் வரைய ஒரு பொழுது, பூச்சுக்கு மூன்று பொழுது. பிறகு மறுபடி வரைந்த சின்னச் சோடிக்கே எனக்கு ஐந்து மாலைகள் போயின. வாங்குகிறவர் கணக்குப் பார்க்க வேண்டியது அந்த மாலைகளை. செய்கிறவர்களும் கூச்சப்படாமல் முற்பணம் வாங்க வேண்டும். பெயர் எழுதிய பொருளை, ஓடர் கொடுத்தவர் வராமல் விட்டால் வேறு யாருக்கு விற்பது?

பெயர் என்றதும் இன்னொன்று. சப்பாத்தோடு தொப்பி, மக், கீடெக், படச் சட்டம் என்று பெயர் போட்டுக் கேட்கும் பொருள்கள் ஏராளம். இந்த ஊரில் அந்தப் பெயர்கள் சிங்களத்தில் வரும், தமிழில் வரும், முஸ்லிம் பிள்ளைகளின் பெயர்களாக வரும். 2018 மார்ச்சில் இதே திகனக் கடைத்தெருவில் முஸ்லிம்களின் கடைகள் எரிக்கப்பட்டன. யாருடைய கடை என்று பார்த்து நெருப்பு வைத்த தெருவில், ஒருவரின் பெயரை எழுத்துப் பிழை வராமல் மூன்று தடவை கேட்டு, காகிதத்தில் எழுதிக் காட்டிச் சரியா என்று உறுதிப்படுத்திய பிறகு பிரஷை எடுப்பதை நான் வெறும் வியாபார ஒழுங்காகப் பார்க்கவில்லை.

பிரபல கம்பனியின் சின்னத்தை வரைந்து தரச் சொல்கிறவர்கள் உண்டு. அதை மறுப்பதே நல்லது. 2021இல் எம்எஸ்சிஎச்எப் என்ற அமெரிக்கக் குழு நைக் சப்பாத்துகள் 666 சோடியை மாற்றிச் செய்து விற்று, நைக் தொடுத்த வழக்கில் சமரசத்துக்கு இறங்க நேர்ந்தது. கேட்பவரின் கதையே போதுமான சரக்கு. அதைக் கேட்டு வாங்கத் தெரிவதுதான் இந்தத் தொழிலில் பாதி.

அதை நான் முதல் தடவை செய்யவில்லை. மறுபடி புதுச் சோடியோடு அவன் வந்தபோது, பிரஷை எடுக்குமுன் கேட்டேன். "அந்த பஸ்ஸுல நீ எங்க இருப்ப?"

"டிரைவருக்குப் பின்னால மூணாவது ஜன்னல். அம்மாச்சி கிளினிக் போற நாளு. ஏறினதும் தூங்கிருவாங்க. எறங்குற எடம் வந்ததும் நான்தான் எழுப்புவேன்."

என் அம்மா கண்டி ஆஸ்பத்திரிக்கு யார் துணையில் போய்வருகிறார் என்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

முன் கண்ணாடியை விரல் நுனிப் பக்கம் இறக்கிவிட்டேன். மடிப்பு விழும் இடத்தில் வெறும் சிவப்பு, மெல்லிதாக ஐந்து பூச்சு. போன தடவை வெறுமையாக விட்ட வலது சப்பாத்தின் வெளிப்பக்கத்தில் இந்தத் தடவை வரிசையாக ஜன்னல்கள். மூன்றாவதில் ஒரு சின்னத் தலை, கண்கள் திறந்திருக்கின்றன. அதன் தோளில் நரைத்த தலையொன்று சாய்ந்திருக்கிறது.