பழைய மடக்குத் தறியை வாங்குமுன்

தறி என்ற சொல்லைக் கேட்டதும் தமிழ் நேயர் பலருடைய மனக்கண்முன் தோன்றுவது குழித்தறியே. நிலத்தில் ஊன்றிய கால்களும், நெசவாளர் தம் கால்களை இறக்கி மிதிக்கும் குழியும் அதன் அடையாளங்கள். அத்தறிக்கு உறுதியை அளிப்பது பூமியே. மேனாடுகளில் வழங்கிய பழைய தறிகளோ பருத்த மரங்களால் ஆனவை. ஓர் அறையின் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டு நிற்பவை. அவற்றுக்கு உறுதியை அளித்தது அவற்றின் எடையே. இவ்விரண்டும் இல்லாத மூன்றாவது வகையொன்று இருபதாம் நூற்றாண்டில் மேனாட்டு இல்லங்களில் பரவியது. அதுவே மடக்குத் தறி. நெய்யும்போது விரித்து வைக்கவும், நெய்யாதபோது மடித்துச் சுவரோரம் ஒதுக்கவும் கூடியது அது. பூமியும் எடையும் துணை நில்லாமையால், அதன் உறுதி முழுவதும் அதன் மூட்டுகளையே சார்ந்தது. ஆகவே பழைய மடக்குத் தறி ஒன்றை வாங்குதல் என்பது பெரும்பாலும் மூட்டுகளை ஆராய்தலே.

இத்தறிகள் பெருகிய காரணத்தை முதலில் நோக்குவோம். ஆலைத்துணி மலிந்தபின் கைநெசவு பல நாடுகளில் பிழைப்புத் தொழில் என்ற நிலையை இழந்தது. எனினும் இல்லக் கலையாக அது மீண்டும் தளிர்த்தது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் 1915ஆம் ஆண்டு தொடங்கிய கமக்காரப் பெண்கள் வட்டங்கள் நெசவை ஊர்தோறும் வளர்த்தன. அம்மாகாணத்து லெக்லேர் நிறுவனத்தின் தறிகள் வட அமெரிக்கா எங்கும் சென்றன. அமெரிக்காவில் 1936 முதல் மக்கோம்பர் தறிகள் வெளிவந்தன. இங்கிலாந்தில் இம்மறுமலர்ச்சிக்கு உழைத்தவர்களுள் எதெல் மேரே என்ற அம்மையார் முதன்மையானவர். அவர் 1902இல் கலாயோகி ஆனந்த குமாரசுவாமியை மணந்து, அவருடன் இலங்கையில் வாழ்ந்து, இந்நாட்டுக் கைவினைகளை நேரில் கண்டவர். பின்னர் சசெக்ஸ் பகுதியிலுள்ள டிச்லிங் என்ற ஊரில் நெசவுக்கூடம் அமைத்துப் பல மாணவரைப் பயிற்றினார். 1952இல் மறைந்தார்.

அக்காலத்தில் வாங்கப்பெற்ற தறிகள் பல இன்று இரண்டாம் கைக்கு வருகின்றன. நெய்தவர் முதுமையடைந்திருப்பர், அல்லது மறைந்திருப்பர். விற்போர் பலர் நெசவு அறியாத பிள்ளைகளும் பேரர்களுமே. தறியின் உறுப்புகளுக்குப் பெயர்கூட அவர்கள் அறியார். நாடா, தார்க்குச்சி, மேலதிக அச்சுகள், பாவு பிரிக்கும் கோல்கள் முதலியன பரணில் வேறொரு பெட்டியில் கிடக்கும். குப்பையென்று எறியப்படுவதும் உண்டு. எனவே வாங்குவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, “தறியுடன் பெட்டிகள் எவையேனும் இருந்தனவா?” என்பதே.

அடுத்து, தறியின் வகையை அறிதல் வேண்டும். விழுதுகள் கோத்த சட்டங்கள் அசையும் முறை இருவகைப்படும். ஒருவகையில் சட்டங்கள் மேலேயுள்ள உருளைகளில் தொங்கும். ஒரு சோடி கீழிறங்க மறு சோடி மேலெழும், தராசுத் தட்டுகளைப் போல. இது மிதிப்பதற்கு இலேசானது. பாவிழைகளைச் சமமாக விரிப்பது. ஆயின் மூன்று சட்டங்களுக்கு எதிராக ஒன்றை அசைக்கும்போது இழைகளின் இடைவெளி குறுகக்கூடும். மற்றவகையில் ஒவ்வொரு சட்டமும் தனித்தனியே மேலெழும். எவ்வகைக் கோலத்தையும் இதில் நெய்யலாம். ஆனால் சட்டங்களின் சுமையை மிதிப்பவர் காலே தூக்கவேண்டும். எதை நெய்ய விரும்புகிறோம் என்பதைப் பொறுத்தே இவற்றுள் எது நன்று என்பது அமையும்.

இனி, சோதனைக்கு வருவோம். மடித்து நிற்கும் தறியைப் பார்த்து விலை பேசுதல் ஆகாது. அதனை முற்றாக விரித்து, ஆணிகளையும் கொளுக்கிகளையும் பூட்டச் சொல்லவேண்டும். பின் மேற்சட்டத்தைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்ல அசைத்துப் பார்க்கவேண்டும். சிறிது அசைவு திருகாணியை முறுக்கினால் நீங்கலாம். துளைகள் தேய்ந்து அகன்றிருப்பின் தச்சர் வேலை தேவைப்படும்.

அடுத்தது சதுரம். முன்மரத்தின் இடமுனையிலிருந்து பின்மரத்தின் வலமுனைவரை ஒரு கயிற்றால் அளந்து, அதே கயிற்றை மற்ற மூலைகளுக்கும் பிடித்துப் பார்க்கலாம். இரண்டு அளவும் ஒத்திருத்தல் வேண்டும். ஒவ்வாவிடின் தறி கோணியது, பாவு ஓரத்தில் தளர்ந்தும் மறு ஓரத்தில் இறுகியும் நிற்கும், துணியும் கோணும். மரத்தில் நுண்துளைகளும் அவற்றினின்று உதிரும் புதுத்தூளும் காணப்படின் உளு உயிரோடிருக்கின்றது எனக் கொள்ளலாம். அழுக்கும் கீறலும் பொருட்டல்ல.

பாவை இறுக்கிப் பிடிக்கும் பற்சக்கரமும் அதன் தடையும் தறியின் உயிர்நிலை. பற்கள் தேய்ந்திருந்தால் நெய்யும் நடுவில் பாவு வழுகித் தளரும். பாவில்லாத தறியையும் சோதிக்கலாம். பாவுருளைக்கும் துணிசுற்றும் படைமரத்துக்கும் இடையே வலிய கயிறொன்றைக் கட்டி, சக்கரத்தைத் திருப்பி இறுக்கி, அது நிலைக்கின்றதா எனக் காண்க.

அச்சில் துரு உண்டா என்பதும் பார்க்கத்தக்கது. மேலோட்டமான துரு தேய்த்தால் நீங்கும். ஆழ்ந்த துரு இழையை அறுத்துத் துணியையும் கறைப்படுத்தும். விழுதுகளை எண்ணுதலும் நன்று. அங்குலத்துக்கு 20 இழை வீதம் 24 அங்குல அகலத் துணி நெய்ய 480 பாவிழைகள் வேண்டும். ஆகவே 480 விழுதுகள் வேண்டும். நான்கு சட்டங்களிலும் சமமாகப் பகிர்ந்தால், சட்டம் ஒன்றுக்கு 120. அங்குலத்துக்கு 10 கண்ணுள்ள அச்சில், கண்ணுக்கு இரண்டிழையாக இப்பாவைக் கோக்கலாம்.

குறையுள்ள தறி அனைத்தும் தள்ளத்தக்கதன்று. கயிறுகளும், உருளையில் பாவைப் பிணைக்கும் துணிகளும் மலிவாக மாற்றத்தக்கவை. நூல்விழுதுகளைப் பலகையில் ஆணி அறைந்து வீட்டிலேயே முடியலாம். அச்சைப் புதிதாகப் பெறலாம். ஆனால் மூடப்பட்ட நிறுவனமொன்று வார்த்த இரும்புச் சக்கரம் உடைந்திருந்தால், அதற்கு ஈடு கிடைத்தல் அரிது. எது மாற்றத்தக்கது, எது மாற்ற முடியாதது என்று பிரித்து, மாற்றுச்செலவை விலையிற் கழித்துப் பேசுதலே முறை. அவ்வாறே, விற்பவர் பெட்டியின் அருமையை அறியாது அதனையும் இலவசமாகத் தர முன்வரின், அதன் பெறுமதியைச் சொல்லிக் கொடுப்பது வாங்குவோர் கடமையாகும்.

மடக்குத் தறியின் எல்லையையும் மறத்தலாகாது. கைக்குட்டை, சால்வை, மேசைவிரிப்பு, உடைத்துணி ஆகியவற்றுக்கு அது போதும். தடித்த தரைவிரிப்பு நெய்ய ஊடையை ஓங்கி அடிக்கவேண்டும். அவ்வடியில் இலேசான தறி தரையில் நகரும், மூட்டுகளும் தளரும்.

விலை தீர்ந்தபின் தறியைக் கழற்ற நேரிட்டால், ஒவ்வொரு பகுதிக்கும் எண்ணிட்டு, படமும் எடுத்து, திருகாணிகளை ஒரு பையிலிட்டுத் தறியோடேயே கட்டிவிடல் வேண்டும். வாசலின் அகலத்தை முன்னரே அளந்துகொள்ளல் வேண்டும். நெய்யும் அகலம் 36 அங்குலம் எனில், தறியின் மொத்த அகலம் அதனிலும் கூடியதாகவே இருக்கும்.

இத்தனை சோதனையும் ஏன் என வினவலாம். புதிதாக நெசவு பயில்பவர் கோணற் தறியொன்றில் அமர்ந்தால், இழை அறும்போதும் துணி வளையும்போதும் தம் கையையே நொந்துகொள்வர். குற்றம் மரத்தில் இருக்க, தமக்கு இக்கலை வாராது என்று முடிவு கட்டி எழுந்துவிடுவர். தறி மீண்டும் மடிக்கப்பட்டுப் பரணுக்கு ஏறும். நன்கு தேர்ந்த தறியோ, அதனை முதலில் வாங்கியவர் மறைந்தபின்னும், இன்னொருவர் கையில் பல்லாண்டு துணி தரும்.