உறைவிந்து: குளிருக்குக் கெடு இல்லை, காகிதத்துக்கு உண்டு

“31ஆம் தேதிக்குள் ஆண்டுக் கட்டணம் செலுத்தாவிட்டால் தங்கள் மாதிரி அகற்றப்படும்.” புற்றுநோய் சிகிச்சைக்கு முன் விந்தணுவைச் சேமித்து வைத்த ஒருவருக்கு வந்த குறுஞ்செய்தி இது. அதை நமக்கு அனுப்பி, பணம் கட்டினால் இன்னும் எத்தனை வருஷம் இருக்கும் என்று கேட்கிறார். தம்பி சேமித்துவிட்டு இறந்துபோனான், அம்மா போய்க் கேட்டால் தருவார்களா என்பது பல்லடத்திலிருந்து ஓர் அண்ணனின் கடிதம். டையிங்கில் வேலை பார்க்கிறேன், நானும் சேமித்து வைக்க வேண்டுமா என்று இன்னொருவர். மூன்றும் வேறு வேறு கேள்விகள். மூன்றையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பியதில் விந்தணு வங்கிகளின் விளம்பரப் பலகைகளுக்கும் பங்குண்டு.

காங்கேயம் பக்கம் மாடு வைத்திருப்பவர்களுக்கு அந்தக் கேனைத் தெரியும். சினை ஊசி போட வருபவர் மூடியைத் திறந்ததும் வெண்புகை தரையில் வழியும். இடுக்கியால் மெல்லிய குச்சி ஒன்றை எடுத்து வெதுவெதுப்பான தண்ணீரில் போடுவார். மனித விந்தணுவும் அதே திரவ நைட்ரஜனில், அதே மைனஸ் 196 டிகிரியில்தான் இருக்கிறது. உறையும்போது பனிப்படிகம் செல்லைக் கிழிக்காமல் கிளிசரால் காக்கும் என்பதை 1949இல் இங்கிலாந்தில் சேவல் விந்தை வைத்துக் கண்டுபிடித்தார்கள். நான்கே ஆண்டில், 1953இல், உறைந்த மனித விந்தணுவால் கரு உண்டானதை அமெரிக்காவில் பதிவு செய்தார்கள்.

சேதம் நடப்பது உறையவைக்கும்போதும் உருக்கும்போதும்தான். அப்போது ஏறக்குறையப் பாதி விந்தணுக்கள் நீந்தும் திறனை இழக்கின்றன. இடைப்பட்ட ஆண்டுகளில் அந்தக் குளிரில் எதுவும் மாறுவதில்லை. இங்கிலாந்தில் 17 வயதில் விந்தகப் புற்றுநோய்க்கு முன் சேமித்தவருடைய மாதிரி, 21 ஆண்டுகள் கழித்துக் குழந்தை தந்தது. கேனுக்கு மின்சாரமும் தேவையில்லை. ஆனால் நைட்ரஜன் ஓயாமல் ஆவியாகும். ஒருவர் மட்டம் பார்த்து ஊற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ‘முழுப் பாதுகாப்பு’ என்று பலகையில் எழுதுவது எளிது. 2018இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரே தொட்டி பழுதாகி 4,000க்கும் மேற்பட்ட கருமுட்டைகளும் கருக்களும் வீணாயின. கட்டணம் கட்டுமுன் மட்டம் பார்க்கும் பதிவேடு உண்டா, அபாய ஒலி உண்டா, மாதிரியை இரண்டு தொட்டிகளில் பிரித்து வைப்பார்களா என்று கேளுங்கள்.

குளிருக்குக் கெடு இல்லை. கெடு வைத்தது சட்டம். நம் நாட்டின் 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்பு ஒழுங்குமுறைச் சட்டம், 28ஆம் பிரிவில், கொடையாளரின் விந்தணுவையோ கருமுட்டையையோ கருவையோ 10 ஆண்டுக்கு மேல் வைக்கக் கூடாது என்கிறது. பிறகு அழியவிட வேண்டும், அல்லது சம்மதத்தோடு ஆராய்ச்சிக்குக் கொடுக்க வேண்டும். கொடையாளர் என்றால் யார்? அதே சட்டத்தின்படி, குழந்தையில்லாத வேறொருவருக்காகக் கொடுப்பவர். தனக்காகவே சேமித்த நோயாளி அந்த வரிக்குள் எப்படி வருவார்? இதைச் சட்டம் தெளிவாகச் சொல்லவில்லை. ஆகவே ‘பத்து வருஷம்தான் சார்’ என்று எல்லோருக்கும் ஒரே பதில் வந்தால், எந்த விதிப்படி என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அந்தப் பதிலின்படி, 20 வயதில் லிம்போமா புற்றுநோய் வந்த பையனுக்கு 30 வயதில் கெடு முடிகிறது. நம் ஊரில் அப்போதுதான் ஜாதகத்தையே வெளியே எடுப்பார்கள். பொதுவாக இதே 10 ஆண்டு வரம்பை வைத்திருந்த பிரிட்டன், 2022 ஜூலையில் அதை எல்லோருக்கும் 55 ஆண்டுவரை நீட்டித்தது. நம் சட்டமும் நோயாளிக்காகத் திருத்தப்பட வேண்டும்.

என்னை அதிகம் வருத்துவது சம்மதப் படிவத்தின் ஒரு வரி. நான் இறந்தால் இந்த மாதிரியை என்ன செய்வது என்று அது கேட்கும். அழியவிடலாம், மனைவிக்குத் தரலாம், ஆராய்ச்சிக்குக் கொடுக்கலாம் என்று கட்டங்கள் இருக்கும். நான் பார்த்த படிவங்களில் பெற்றோருக்கு என்று கட்டமில்லை. நாளை கீமோ என்ற பதற்றத்தில், பெரும்பாலும் ஆங்கிலத்தில் உள்ள தாளில், கல்யாணமாகாத பையன் காட்டிய இடத்தில் கையெழுத்துப் போடுகிறான். அம்மா வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருப்பார். உள்ளே என்ன எழுதிக் கொடுத்தான் என்று கேட்க அவருக்குக் கூச்சம், சொல்ல இவனுக்குக் கூச்சம்.

அந்த வரியின் விலையை டெல்லி வழக்கு ஒன்று காட்டியது. 2020 ஜூனில் கங்காராம் மருத்துவமனையில் சேமித்த கல்யாணமாகாத இளைஞர் செப்டம்பரில் இறந்தார். மாதிரியைப் பெற்றோர் கேட்டபோது, அதற்கு விதி இல்லை என்றது மருத்துவமனை. 2024 அக்டோபர் 4 அன்றுதான் உயர் நீதிமன்ற நீதிபதி பிரதிபா எம். சிங், இறந்தவரின் சம்மதம் தெரியவந்தால் தடையில்லை என்று கூறி, மாதிரியைத் தர உத்தரவிட்டார். ஏறத்தாழ நான்கு ஆண்டுகள். 2021இல் கொல்கத்தா உயர் நீதிமன்றம், கல்யாணமான மகனின் மாதிரியைக் கேட்ட தந்தைக்கு உரிமையில்லை, மனைவிக்கே உண்டு என்றது. ஆகவே பல்லடத்து அண்ணனுக்குச் சொல்ல வேண்டியது: முதலில் தம்பி போட்ட படிவத்தின் நகலைக் கேளுங்கள், “மாதிரியை அழிக்க வேண்டாம்” என்று இன்றே எழுதிக் கொடுத்து ஒப்புகை வாங்குங்கள், பிறகு வழக்கறிஞரிடம் போங்கள்.

மற்ற கேள்விகள்.

டையிங், பாய்லர், அயர்ன் டேபிள் வெக்கை? வெப்பம் விந்தணுவைக் குறைக்கும். வெப்பம் விலகினால் பெரும்பாலும் மூன்று மாதத்தில் தேறும், அதற்காகச் சேமிக்கத் தேவையில்லை.

கீமோ தொடங்கிய பிறகு கொடுக்கலாமா? முன்பே கொடுக்க வேண்டும்; தொடங்கிய பின் வரும் விந்தணுவில் மரபணுச் சேதம் இருக்கலாம்.

சிகிச்சை தள்ளிப்போகுமா? ஓரிரு நாளில் முடிகிற வேலை இது.

மருத்துவர் சொல்லவே இல்லையே? நீங்களே கேளுங்கள்.

குறுஞ்செய்திக்கு வருவோம். சிம் கார்டையும் அறையையும் மாற்றிக்கொண்டே இருக்கும் தொழிலாளிக்கு, கட்டண நினைவூட்டல் பழைய எண்ணுக்குப் போனால் என்ன ஆகும்? சனிக்கிழமைச் சம்பளத்தில் ஆண்டுக் கட்டணத்தை மொத்தமாகக் கட்டுவதும் கடினம், தவணை கேளுங்கள். சேமித்தவர்கள் இந்த வாரமே விந்தணு வங்கிக்குப் போய், எண்ணையும் முகவரியையும் எழுத்தில் மாற்றிக்கொள்ளுங்கள். படிவத்தைச் செல்போனில் படம் எடுத்து, வீட்டில் நம்பிக்கையான ஒருவரிடம் கொடுத்து வையுங்கள்.