ஈசிஜியில் மேடு காட்டாத மாரடைப்புகள்

மாரடைப்பு என்ற சந்தேகம் வந்தால் ஈசிஜியில் முதலில் பார்க்கப்படுவது, எஸ்டி பகுதி (ஆர் அலைக்கும் டி அலைக்கும் இடையிலுள்ள கோடு) மேடாக எழும்பியிருக்கிறதா என்பதே. இதயத் தமனி முழுவதும் அடைபட்டதற்கு அதுவே வழக்கமான அடையாளம். ஆனால் தமனி அடைபட்டும் மேடு தெரியாத ஈசிஜிகள் உண்டு. அடைபடப் போவதை முன்கூட்டியே சொல்பவையும் உண்டு. இவை கவனத்தில் படாவிட்டால், உடனே ஆஞ்சியோகிராம் செய்ய வேண்டிய நோயாளி வார்டில் காத்துக் கிடப்பார்.

வலி நின்றபின் தெரியும் அபாயம்

இவற்றுள் மிகவும் ஏமாற்றக்கூடியது வெல்லன்ஸ் அடையாளம். நெஞ்சுவலி தணிந்து நோயாளி நிம்மதியாகப் படுத்திருக்கும்போதுதான் இது தென்படும். மார்பில் எடுக்கப்படும் வி2, வி3 பதிவுகளில் டி அலை மேலேறிக் கீழிறங்கும், அல்லது ஆழமாகத் தலைகீழாகிவிடும். இதயத்தின் முன்சுவருக்கு ரத்தம் தரும் இடது முன் இறங்கு தமனி மிகவும் குறுகிப்போயிருக்கிறது என்பது இதன் பொருள். நெதர்லாந்தின் ஹைன் வெல்லன்ஸ் குழுவினர் 1982இல் வெளியிட்ட ஆய்வில், இந்த அடையாளம் இருந்தும் அறுவை சிகிச்சை செய்யப்படாத 16 பேரில் 12 பேருக்குச் சில வாரங்களிலேயே முன்சுவர் மாரடைப்பு வந்தது. இதயத் தசைச் சேதத்தைக் காட்டும் டிரோபோனின் ரத்தப் பரிசோதனையின் அளவு இயல்பாகவே இருக்கலாம். அதை நம்பி ட்ரெட்மில் பரிசோதனைக்கு அனுப்புவது உயிரோடு விளையாடுவதாகும்.

டெ விண்டர் அடையாளம்

2008இல் விவரிக்கப்பட்ட டெ விண்டர் அடையாளமும் அதே இடது முன் இறங்கு தமனியைச் சேர்ந்ததுதான். ஆனால் இங்கே அடைப்பு ஏற்கெனவே நிகழ்ந்துவிட்டது. மார்புப் பதிவுகளில் எஸ்டி பகுதி கீழிருந்து சரிவாக ஏறி, உயரமான கூர்ந்த டி அலையில் போய் முடியும். மேடு இல்லையே என்று காத்திருக்கக் கூடாது. எஸ்டி மேடுள்ள மாரடைப்புக்குத் தரும் அதே அவசரம் இதற்கும் வேண்டும்.

பின்சுவர் மாரடைப்பு

வழக்கமான 12 பதிவுகளில் எதுவும் இதயத்தின் பின்புறத்தை நேரடியாகப் பார்ப்பதில்லை. அங்கே எழும் மேடு, முன்னால் உள்ள வி1 முதல் வி3 வரையிலான பதிவுகளில் பள்ளமாகத் தெரியும். ஆர் அலையும் உயர்ந்திருக்கும். முதுகில் வி7 முதல் வி9 வரை மின்முனைகளை ஒட்டிப் பதிவெடுத்தால், அரை மில்லிமீட்டர் மேடே நோயை உறுதிசெய்யப் போதுமானது. சில நிமிட வேலைதான். இருந்தும் பல நேரங்களில் விட்டுப்போகிறது.

ஒரே ஈசிஜி போதாது

இடது மின்கடத்துக் கிளை அடைப்பு உள்ளவர்களுக்கும் பேஸ்மேக்கர் பொருத்தியவர்களுக்கும் எஸ்டி பகுதி மாரடைப்பு இல்லாமலேயே மாறுபட்டிருக்கலாம். அவர்களிடம் மாரடைப்பைப் பிரித்தறிய 1996இல் எலேனா ஸ்கார்போசா வகுத்த விதிகள் உதவுகின்றன. பழைய ஈசிஜி கையிலிருந்தால் ஒப்பிட்டுப் பார்ப்பதும் எளிது.

நெஞ்சுவலியோடு வருபவருக்கு முதல் ஈசிஜி 10 நிமிடங்களுக்குள் எடுக்கப்பட வேண்டும். அது இயல்பாக இருந்தும் வலி தொடர்ந்தால், முதல் ஒரு மணி நேரத்தில் 15 முதல் 30 நிமிடங்களுக்கு ஒருமுறை மீண்டும் எடுக்க வேண்டும். நோயாளியின் வீட்டாரும் இதைத் தயங்காமல் கேட்கலாம்.